ஒன்றும் போடாத வரிசை

கோர்வையாக எழுத எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைச் சொல்ல வந்து வேறெங்கோ போய்விடுவேன். நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற நான் எழுத உட்கார்ந்தது மகள் கேட்டதால்தான். "நான் எழுதுனா பூஞ்சையப் பத்தி மட்டுந்தான் இருக்கும்மா. நீங்க பாத்தத எழுதுங்க" என்றாள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குப் படிப்பும் பூஞ்சை, வேலையும் பூஞ்சை. மலைமேல் எங்கள் பிக்கட்டிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் செருப்பு, சுவர், பெட்டியில் மடித்து வைத்த கல்யாணச் சேலை என்று எல்லாவற்றிலும் பூசணம் பூத்துவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். அவளோ கோயமுத்தூரில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, ஊட்டியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, அதையே கண்ணாடித் தட்டில் தீனி வைத்து வளர்த்தாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு அது வேடிக்கை. "ஏனுங்க அக்கா, பூசணம் வளக்கறதுக்கா புள்ளைய அத்தன தூரம் படிக்க வெச்சீங்க? எங்க ஊட்டுக்கு வரச் சொல்லுங்க, சும்மாவே வழிச்சிக்கலாம்" என்பாள். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். மகளிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. மறுநாளே ஒரு சின்ன டப்பாவோடு அந்த வீட்டுக்குப் போய், சமையலறைச் சுவரிலிருந்து வழித்துக்கொண்டு வந்தாள். கெடுக்கிற பூஞ்சையும் உண்டு, கெடுக்கிறதைத் தின்கிற பூஞ்சையும் உண்டு, எது எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்ப்பதுதான் தன் வேலை என்று எனக்கு விளக்கினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது.

வீட்டுக்குக் கீழே சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. என் வீட்டுக்காரர் எஸ்டேட் பேக்டரியில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்து ஒவ்வொரு செடியாக அவரே நட்டது. அதில் வேர் நோய் விழுந்தது. செடி முதலில் மஞ்சளாகும். பிறகு இலை உதிராமல் அப்படியே காய்ந்து நிற்கும். பிடுங்கி வேரைக் கழுவினால் சிவப்பாக நூல் நூலாக ஒட்டியிருக்கும். அதுவும் ஒரு பூஞ்சைதானாம். மண்ணுக்குள்ளேயே நகர்ந்து பக்கத்துச் செடிக்குப் போய்விடும்.

அந்தச் சிவப்பைத் தின்கிற ஒரு பச்சைப் பூஞ்சையை மகள் காட்டு மண்ணிலிருந்து எடுத்திருந்தாள். பல வருஷம் அதோடேயே கிடந்தாள். ஒருமுறை கண்ணாடித் தட்டில் இரண்டையும் எதிரெதிரே வைத்துக் காட்டினாள். பச்சை மெல்லப் படர்ந்து மற்றதன்மேல் ஏறியிருந்தது. தொட்டியில் வைத்த செடிகளையும் அது காப்பாற்றியது. ஆனால் தோட்டத்தில் காப்பாற்றுகிறதா என்று காட்டினால்தான் ஒத்துக்கொள்வார்களாம். அதற்கு ஒரு பக்கம் பூஞ்சை உரம் போட வேண்டும், இன்னொரு பக்கம் ஒன்றுமே போடாமல் விட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எது எதனால் ஆனது என்று தெரியும்.

எஸ்டேட்டுகளில் கேட்டுப் பார்த்தாள். போட்டுப் பார்க்க எல்லோரும் சரி என்றார்கள். போடாமல் சாக விடுவதற்கு ஒருவரும் இடம் தரவில்லை. அவளுடைய வேலையோ நிரந்தரமில்லாதது. இந்தச் சோதனை நடக்காவிட்டால் அத்தனை வருஷ உழைப்பும் அந்தத் தட்டோடு நின்றுவிடும். கடைசியில் அப்பாவிடம் வந்து கேட்டாள். அவர் யோசிக்கக்கூட இல்லை, "எடுத்துக்க அம்மணி" என்றார்.

எந்தப் பக்கத்துக்குப் போடுவது என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாதாம். சீட்டு எழுதி டம்ளரில் குலுக்கி எடுத்தாள். போடுகிற வரிசைகளுக்குப் பச்சைத் துணி, போடாத வரிசைகளுக்கு வெள்ளைத் துணி கட்டினாள். தொழு உரத்தில் பூஞ்சையைக் கலந்து, பச்சைத் துணிச் செடிகளின் வேரடியில் போட்டாள். மிச்ச மூட்டைகள் கொட்டகையில் இருந்தன. மாதத்துக்கு ஒருமுறை வந்து புதிதாகக் காய்ந்தவை எத்தனை என்று பார்த்துக்கொண்டு போவாள்.

அடுத்த வருஷம் ஒரு நாள் தோட்டத்திலிருந்து ஏறி வந்தவள், அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். காலில் மண்கூடக் கழுவவில்லை. பச்சைத் துணிப் பக்கம் காய்வது நின்றிருந்தது. வெள்ளைத் துணிப் பக்கமும் அதே போல நின்றுவிட்டது.

"ரெண்டு பக்கமும் நல்லாருந்தா நல்லதுதானே கண்ணு" என்றேன்.

"நல்லதுதாம்மா. ஆனா அதுல எம்பட பூஞ்சைக்கு ஒரு பங்கும் இல்ல. சும்மா உட்டதே பொழைச்சுக்குச்சே. இது தோட்டத்துல வேலைக்காகாதுன்னு எழுதிக் குடுத்துட்டு முடிச்சிக்கறேன்."

அழவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போலிருந்தது. வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மணி, அத எழுதாத. வெள்ளத் துணிக்கும் போட்டாச்சு. நாந்தேன் போட்டேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்பங்கப்பா?"

"ஆடி மழையில. கொட்டாயில மிச்சமிருந்துச்சே, அது. தெனமும் அது பக்கமா நடந்துபோயி, மஞ்சளாவறதப் பாத்துட்டு இருக்க முடியல சாமி."

"எல்லாச் செடிக்குமா?"

"எல்லாத்துக்குந்தேன். ஒண்ணுக்குப் போட்டு ஒண்ண உட்டா அது பாவமில்லியா."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அதுவரை தெரியாது. அவர் விடிகாலையில் வாளியோடு இறங்கும்போது அவரைக்காய்ப் பந்தலுக்கு உரம் போடப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் சொன்னதை வைத்தும் அவள் முடிவு செய்யவில்லை. வெள்ளைத் துணிப் பக்கத்து மண்ணை எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனாள். அடுத்த வாரம் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பச்சையாகப் பூத்திருந்தது. அவளுடைய பூஞ்சையேதான்.

"இது வேல செய்யுமுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குதுங்கப்பா. தெரிஞ்சதாலதான் போட்டீங்க. ஆனா அத நான் எழுத முடியாதே. பூராவும் மறுக்கா செய்யோணும்."

மறுபடி என்றால் நோய் புதிதாக விழுந்திருந்த மேல்பக்கத்தில்தான் செய்ய வேண்டும். அவளுக்கு இன்னும் கொஞ்சக் காலம் கொடுக்க ஆராய்ச்சிக்கூடத்தில் எப்படியோ சம்மதித்தார்கள். இந்த முறை சீட்டைத் தானே எடுப்பதாக அவர் சொன்னார். நடைபாதை ஓரத்து வரிசைகளுக்கு வெள்ளை வந்தது. அந்த நிலத்தில் அவர் முதன்முதலில் நட்ட செடிகள் அவை. சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாமுங்கப்பா, உட்டர்லாம்" என்றாள்.

அவள் கையிலிருந்த வெள்ளைத் துணியை வாங்கி அவரே கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் பேசினார்.

"மிச்ச மூட்டைய நீயே எடுத்துட்டுப் போயிரு. என்னைய நம்பி இங்க வெக்காத."

அவள் ஒரு பிடிகூட விடாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தச் செடிகள் காய வெகுநாள் ஆயிற்று. அவர் நடைபாதையில் போவதையே விட்டுவிட்டார். ஓடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு இறங்குவார். கொழுந்து எடுக்க நான் மட்டும் அந்த வரிசைக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் கூடையில் விழுவது குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பச்சைத் துணிப் பக்கம் பச்சையாகவே இருந்தது. இந்த முறை இரண்டுக்கும் வித்தியாசம் ரோட்டிலிருந்தே தெரிந்தது.

முடிந்த பிறகு மகள் சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளைக் கூட்டிவந்து காட்டினாள். நன்றாக இருந்த பக்கத்தில் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை. இந்த மாதிரி எத்தனையோ மருந்து பார்த்தவர்கள். காய்ந்த வரிசைக்கு முன்னால்தான் எல்லோரும் நின்றார்கள். முன்னே பின்னே தெரியாத ஒருவர், இதையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்டார். அதுவரை தள்ளி நின்ற வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்து ஒரு செடியை நெம்பி எடுத்தார். வேரை வாய்க்கால் தண்ணீரில் கழுவி, சிவப்பு நூல் தெரிய, கேட்டவர் கையில் கொடுத்தார்.

"அப்பிடியும் காப்பாத்திப் பாத்தமுங்க. அப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியல" என்றார்.

அதற்குப் பிறகு மகளின் வேலை நிரந்தரமாயிற்று. அவளுடைய பூஞ்சை இப்போது பொட்டலத்தில் வருகிறது. எங்கள் பக்கம் பலரும் வாங்கிப் போடுகிறார்கள். பூச்சியைக் கொல்லுகிற வேறொரு பூஞ்சையைப் பிடித்துக்கொண்டு அவள் மறுபடி அலைகிறாள். காய்ந்த வரிசை இருந்த இடத்தில் இன்னும் எதுவும் நடவில்லை.

இதில் பூஞ்சையின் பெயரை நான் எழுதவில்லை. நீளமான பெயர், என் வாயில் நுழையாது. மகள் எழுதிச் சேர்க்கட்டும். இரண்டாவது சோதனைக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் உரம் போட்டது ஆடியிலா ஆவணியிலா என்பதிலும் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அவரைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். யாராவது நல்ல நேரம் பார்த்து அவரிடம் கேட்டு, நான் எழுதியது தப்பென்றால் திருத்திவிடுங்கள்.