ஒன்பதாம் அறைக்கு ஓர் அம்பு

வடிவமைப்புக் கல்லூரியின் இறுதியாண்டில் அவளுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். பையில் எப்போதும் முப்பது சென்டிமீட்டர் எஃகு அளவுகோல் இருக்கும். நாற்காலியின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள் என்று வகுப்பில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவள் தேதி விஷயத்தில் பொய் எழுதி மாட்டிக்கொண்டாள் என்றபோது யாருக்கும் நம்பிக்கை வரவில்லை.

கதை தொடங்கியது அப்பாவின் தோளில். அப்பா லாரி ஓட்டுநர். முந்தைய ஆண்டு சரக்கு இறக்கும்போது வழுக்கி விழுந்து தோள்பட்டை நகர்ந்துவிட்டது. பெரிய மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் ஒன்பதாம் அறைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்கள். அப்பாவும் மகளும் தரைத்தளத்தை நான்கு முறை சுற்றினார்கள். நான்காம் சுற்றில் அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வலியில் பல்லைக் கடித்தபடி சொன்னார்:

“இருபத்தாறு வருஷமா லாரி ஓட்டுறேன். கேட்காம போய்ச் சேர்ந்த ஊரு எத்தனையோ. இந்த ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் தனியா லைசென்ஸ் எடுக்கணும் போலிருக்கு.”

அதனால்தான் இறுதியாண்டு வேலைக்கு அவள் அந்தப் பிரிவின் வழிகாட்டிப் பலகைகளைத் தேர்ந்தெடுத்தாள். ஜனவரி இரண்டாம் தேதி முதல் பிப்ரவரி பதினொன்றுவரை, ஞாயிற்றுக்கிழமைகள் ஆறும் போக, முப்பத்தைந்து நாள் அங்கேயே நின்றாள். எக்ஸ்ரேவுக்குப் போன இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பின்தொடர்ந்தாள். இரண்டாம் திருப்பத்தில் முப்பத்தேழு பேர் தவறான பக்கம் திரும்பினார்கள். அங்கே பலகை இல்லாமல் இல்லை. தலைக்கு மேலே பெரிதாகவே தொங்கியது. ஆனால் வலியோடு நடப்பவர்கள் மேலே பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இருபது நாள் ஆயிற்று. அதன் பிறகு அம்பைத் தரையிலிருந்து தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கினாள். அவள் செய்த வேலையின் சாரம் அவ்வளவுதான்.

பிப்ரவரி பதினாறாம் தேதி ஐந்து சோதனைத் தாள்களைச் சுவரில் ஒட்டிப் பார்த்தாள். கல்லூரி அச்சு அறையில் ஒரு மாணவிக்குப் பெரிய தாள் இத்தனைதான் என்று கணக்கு உண்டு. அவளுடைய பங்கு அதற்குள் தீர்ந்திருந்தது. பென்சிலால் வரைந்திருந்த ரஃப் தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அவற்றிலேயே அச்சடித்தாள். இப்படியாக அவளுடைய ரஃப் வரைவுகள் ஐந்தும் மருத்துவமனைச் சுவரைப் பார்த்தபடி ஒட்டிக்கொண்டன. ஒரு வாரம் கழித்து எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. எக்ஸ்ரே பிரிவு உதவியாளர் அக்கா, “நீ இதுக்குன்னு வராதே, நானே கிழிச்சுப் போட்டுடறேன்” என்றார். அவளும் அதோடு மறந்துவிட்டாள்.

பிப்ரவரி இருபத்தேழில் எக்ஸ்ரே பிரிவு அதே வரிசையில் சற்றுத் தள்ளியிருந்த பதினான்காம் அறைக்கு மாறியது. மருத்துவமனை அதைக் கடிதமாகவே கொடுத்தது. அவள் பலகைகளில் எண்ணைத் திருத்தி, மார்ச் இருபதில் இறுதி வடிவத்தை முடித்தாள்.

ரஃப் வரைவுகள், தேதிகள், யோசித்த விதம் எல்லாம் அடங்கிய செயல்பதிவேடு ஒன்றையும் சமர்ப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் இது பெயருக்கு இருந்தது. எல்லோருமே வேலையை முடித்த பிறகுதான் ரஃப் வரைவார்கள். மாடி கட்டிவிட்டு அஸ்திவாரம் தோண்டும் வேலை என்று மூத்த மாணவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். தாளைக் கொஞ்சம் கசக்க வேண்டும், அழிரப்பரால் இரண்டு இடத்தில் தேய்க்க வேண்டும், ஓரத்தில் டீக் கறை இருந்தால் இன்னும் நம்புவார்கள். அவளும் மூன்று நாள் உட்கார்ந்து, முடிந்த வேலையைப் பார்த்துப் பதினோரு தொடக்கங்களை வரைந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஜனவரித் தேதி போட்டாள்.

இந்த ஆண்டு பதிவேட்டைத் துருவிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கல்லூரியின் கணினி அறைக்குப் புதிய இயந்திரம் வந்திருந்தது. ஒரு வாக்கியம் தட்டினால் படம் வரைந்து தரும். வகுப்பில் எல்லோரும் சுற்றி நிற்க, ‘மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகை’ என்று தட்டினார்கள். ஒரு நிமிடத்தில் நாற்பது பலகைகள் வந்தன. நாற்பதும் அழகு. ஒன்றில் அம்பு பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் கால் இல்லை, தோள் இல்லை, எங்கும் வழி தவறி நின்றதில்லை என்று முதலில் நினைத்தாள். பிறகு தன் பலகையை மனத்தில் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறடி தள்ளி நின்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முப்பத்தைந்து நாளும் ஒரு நிமிடமும் சுவரில் ஒரே மாதிரிதான் இருந்தன. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் இருபத்தாறு, வியாழக்கிழமை, காலை பத்தரைக்குத் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் கலைக் கோட்பாடு நடத்தும் ஆசிரியை. மாணவர்களுக்கு அவர் ‘மேடம்’, அவ்வளவே. மற்றவர் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். இருபது நிமிடம் பதிவேட்டையே புரட்டினார். பிறகு அவள் தானே பின்னிணைப்பாகச் சேர்த்திருந்த மருத்துவமனைக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார்.

“ஜனவரி இருபதாம் தேதி வரைஞ்ச ரஃப்ல எக்ஸ்ரே ரூம் பதினாலுன்னு போட்டிருக்கீங்க. பதினாலுக்கு மாத்தினது பிப்ரவரி இருபத்தேழு. அஞ்சு வாரம் முன்னாடியே உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?”

முடிந்ததைப் பார்த்துப் பின்னோக்கி வரைந்தவளுக்கு ஒன்பது நினைவுக்கே வரவில்லை. ரஃப் எல்லாம் பிறகு வரைந்ததுதான், ஆனால் பலகை என்னுடையது என்றாள். அப்படியென்றால் முதலில் வரைந்தது எங்கே என்று கேட்டார். கிழித்துப் போட்டாயிற்று என்றாள். கைப்பேசியில் இருந்த எண்ணிக்கையைக் காட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். இந்த மாதிரிப் பட்டியலையும் இயந்திரம் எழுதித் தரும் என்றார். புகைப்படங்களைக் காட்டினாள். அதற்கும் அதே பதில். அவர் கோபமாகப் பேசவில்லை. பரிதாபப்பட்டுப் பேசினார். அதுதான் அவளை உடைத்தது.

மேடம் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவர் வகுப்பில்தான் சென்ற பருவத்தில் அவள் ‘அசலும் நகலும்’ என்ற கேள்விக்கு ஒன்பது பக்கம் எழுதியிருந்தாள். ஓவியத்துக்கு அசல் உண்டு, பலகைக்கு இல்லை. முதல் பலகையும் நூறாவது பலகையும் ஒன்றே. செய்த கை தெரியாத பலகையே நல்ல பலகை என்று அடித்துச் சொல்லியிருந்தாள். நூற்றுக்கு எண்பத்தெட்டு. வகுப்பிலேயே அதிகம்.

“கை தெரியக்கூடாதுன்னு எழுதினவ நீ,” என்றார் மேடம். “இப்போ உன் கையைக் காட்டுன்னு கேட்கிறோம். நாளைக்குப் பதினொரு மணி வரைக்கும் நேரம். ஏதாவது இருந்தா கொண்டு வா.”

ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பேருந்தில் வரும்போது பட்டம் போவதைவிட, இயந்திரம் செய்ததைத் தன்னுடையது என்று சொன்னவள் என்ற பெயர் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. பட்டம் போனால் மறுபடி எழுதலாம். இந்தப் பெயர் ஒட்டினால் ஒட்டியதுதான். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அம்மா இரண்டு முறை தட்டை வைத்து, இரண்டு முறை எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னவென்று கேட்டார். சொன்னாள். ரஃப் எல்லாம் அந்தத் தாள்களின் பின்னால் போய்விட்டது, அக்கா கிழித்துப் போட்டுவிட்டார் என்றும் சொன்னாள்.

“எந்தத் தாள்? அந்த ரெண்டாவது திருப்பத்துல கீழே ஒட்டினியே, அதுவா?” என்றார் அப்பா. “அது அங்கதாம்மா இருக்கு. திங்கக்கிழமை தோளுக்குப் பயிற்சி எடுக்கப் போனப்ப பார்த்தேனே.”

“என்னப்பா சொல்றீங்க? ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ ஒட்டினது உனக்குத் தெரியாதான்னு நெனச்சேன்.”

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு அவள் மருத்துவமனையில் இருந்தாள். ஐந்தில் நான்கு தாள்களைக் காணோம். இரண்டாம் திருப்பத்தில், தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் உயரத்தில், ஐந்தாவது இருந்தது. ஓரங்கள் சுருண்டு, நான்கு பக்கமும் அகலமான டேப் ஒட்டி, நடுவில் அம்பின் மேல் யாரோ கைவைத்துக் கைவைத்துக் கறுத்திருந்தது. அச்சடித்த ஒன்பதைக் குறுக்கே அடித்து மார்க்கரில் பதினான்கு என்று எழுதி, கீழ் மூலையில் ‘27/2’ என்று தேதியும் சுருக்கொப்பமும் இருந்தன. அந்த மருத்துவமனையில் எந்த அறிவிப்பைத் திருத்தினாலும் திருத்தியவர் தேதியிட்டு ஒப்பமிட வேண்டும்.

ஒன்பது மணிக்கு உதவியாளர் அக்கா சாவிக்கொத்தோடு வந்தார்.

“கிழிக்கலாம்னுதான் வந்தேன்,” என்றார். “ஆனா இது ஒட்டின நாள்லேர்ந்து எங்கிட்ட வழி கேக்குறவங்க பாதியாயிட்டாங்க. எதுக்குக் கிழிக்கணும்?”

தாள் வேண்டும் என்று அவள் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது.

“எடுத்துட்டா? நாள் பூரா நான் அம்பு மாதிரி கையை நீட்டிட்டு நிக்கணுமா?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா உள்ளே போய், பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்து வந்தார். யாருடைய முழங்காலோ. அந்தப் படத்தைத் தாளுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி, இம்மி இம்மியாக நகர்த்தினார். முக்கால் பங்கு சுலபமாகப் பிரிந்து வந்தது. இடப்பக்கம் சுண்ணாம்பில் பிடித்துக்கொண்டது. மணி ஒன்பதே முக்கால். கல்லூரிக்குப் போக ஒரு மணி நேரம் வேண்டும். அவளுக்குப் பொறுக்கவில்லை. கையை விட்டு இழுத்தாள்.

கீழ் மூலை சுவரிலேயே நின்றுவிட்டது. தேதியும் ஒப்பமும் அதில் இருந்தன. நகத்தால் சுரண்டினாள், தூளாக வந்தது. அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கையில் இருந்த தாளைத் திருப்பினாள். பின்பக்கம் சுண்ணாம்பும் டேப் பசையும் போக, பென்சில் கோடுகள் இருந்தன. வளைந்த அம்பு ஒன்று, அதை அடித்துவிட்டு நேரான அம்பு ஒன்று, பக்கத்தில் ‘150’ அடித்து, ‘120’ அடித்து, ‘95’. கீழே, அவள் கையெழுத்தில், ‘வலியில் தரையைத்தான் பார்க்கிறார்கள் — அறை 9’.

கிளம்புவதற்குமுன், தேர்வுக்கென்று நல்ல அட்டையில் அச்சடித்த இறுதிப் பலகையைப் பையிலிருந்து எடுத்து, அளவுகோலால் தரையிலிருந்து அளந்து, அந்த இடத்தில் ஒட்டினாள். அக்கா ஒரு முறை தள்ளி நின்று பார்த்தார். இது ரொம்பப் புதுசா இருக்கே, யாராவது கையை வைப்பாங்களா என்று கேட்டார்.

பத்து ஐம்பத்தேழுக்குத் தேர்வறை. தேர்வாளர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முன்பக்கத்து அம்பும் பின்பக்கத்து அம்பும் ஒன்றின்மேல் ஒன்று தெரிந்தன. ஒன்பது, பதினான்கு, 150, 120, 95 என்று மெதுவாக வாய்விட்டுப் படித்தார். கிழிந்த மூலையைப் பற்றிக் கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் அங்கேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் அக்கா சுவரைப் பார்த்து இருபத்தேழு, இரண்டு என்று படித்திருக்க வேண்டும். அவர் அதை எழுதிக்கொண்டார்.

மேடம் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ அசல்னு ஒண்ணு இருக்கா?”

“பலகைக்கு இல்லை மேடம்,” என்றாள். “எனக்கு வேண்டியிருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. அவளை வெளியே உட்காரச் சொல்லி, முக்கால் மணி நேரம் பேசினார்கள். மறுபடி கூப்பிட்டபோது தேர்வுப் பதிவேடு திறந்திருந்தது. அதில் அவள் எண்ணுக்கு நேரே இரண்டு வரிகள். முதல் வரி: ‘வடிவமைப்பு மாணவியின் சொந்த வேலை.’ இரண்டாம் வரி: ‘செயல்பதிவேடு பொய்யாகத் தயாரிக்கப்பட்டது, தேர்ச்சி இல்லை, அடுத்த ஆண்டு மீண்டும்.’

“எல்லாருமே பிறகுதான் வரையறாங்க சார்,” என்றாள்.

“தெரியும்மா,” என்றார் தேர்வாளர். “நானும் வரைஞ்சிருக்கேன். அப்போ யாரும் தேதியைப் பார்க்கல.”

முதல் வரியை மட்டும் ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். தனியாகத் தர விதி இல்லை என்றார்கள். இரண்டு வரிகளுக்கும் சேர்த்துக் கீழே ஒரே கோடு போட்டிருந்தது. அவள் முதல் வரியை மூன்று முறை படித்தாள். பிறகு ஒப்பமிட்டு, பழக்கத்தால் தேதியும் போட்டாள்: 27/3.

சுவரிலிருந்து எடுத்து வந்த தாளுக்காகக் கையை நீட்டினாள். அது கோப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். எழுத்தர் வந்து தாளை வாங்கி, ஓரத்தைச் சரிபார்த்து, துளையிடும் கருவிக்குள் வைத்து அழுத்தினார். ஒரு துளை வெற்றிடத்தில் விழுந்தது. இன்னொன்று அம்பின் நுனியில்.