செல்வமணி அக்கா கேட்ட விசிறி

சென்ற வாரம் நம் பழைய மில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: 'செல்வமணி, பஞ்சு செக்‌ஷன், காலமானார்.' செத்த பிறகும் செக்‌ஷனை விட மனம் வரவில்லை நமக்கு. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

நம் கிள்ளான் மில்லில் மெக்கானிக்குக்கு அடுத்து தறிக்காரர்கள், அதற்குக் கீழே என்னைப் போல நூல் சுற்றுகிறவர்கள். பஞ்சைப் பிரித்துத் தூசி தட்டுகிறவர்கள் கடைசி. இதை எந்த முதலாளியும் எழுதி ஒட்டவில்லை. ஃபேக்டரி பஸ்ஸில் யார் முன்னால் உட்காருவது, யார் பின்னால் நிற்பது என்று நாமே வைத்துக்கொண்ட சட்டம். முன்பு ரப்பர் தோட்டத்தில் நம்மைத் தரம் பிரித்தவர்களைத் திட்டிக்கொண்டே அதே வேலையைச் செய்தோம்.

ஒருநாள் அக்கா தலையெல்லாம் பஞ்சோடு முன் சீட்டுக்கு வந்தார். தறிக்கார அம்மாள் ஒருவர் சீட் அழுக்காகிவிடும் என்று பழைய பேப்பரை விரித்தார். அக்கா அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, சாவகாசமாகப் படிக்க ஆரம்பித்தார். "படிக்கத்தானே கொடுத்தீங்க? தேங்க்ஸ்லா," என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஞ்சுப் பிரிவில் தூசி உறிஞ்சும் விசிறி கெட்டுப்போய்க் கிடந்தது. அக்கா இருமிக்கொண்டே தொழிலாளர் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து அதைச் சொன்னார். கமிட்டித் தலைவர் ராஜன் அண்ணனும் தறிக்காரர்தான். "அங்க உள்ளவங்களுக்குப் பழகிப்போச்சு. முதல்ல நம்ம தறிக்காரங்க ரெஸ்ட் எடுக்கிற ரூமுக்கு ஏர்கோன் கேப்போம்," என்றார்.

"மூச்சுக்குக்கூட செக்‌ஷன் இருக்கா அண்ணே?" என்று கேட்டார் அக்கா. ஏர்கோன் வந்து தறிக்காரர்கள் அறை குளிர்ந்தது, விசிறி வரவில்லை. அக்கா விடாமல், ராஜன் அண்ணனைக் கண்ட இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நுரையீரல் போய், வேலையும் போய், வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோடு கிடந்தார்.

சாவு வீட்டில் ராஜன் அண்ணன் எல்லாருக்கும் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கமான மனுஷி. ஒருநாளும் குறைனு சொன்னதே இல்ல," என்றார். இந்தக் குழுவில் இருக்கும் நீங்களும் 'ஆமாம், ஆமாம்' என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாத பொறுமையைப் பிணத்தின் மேல் போர்த்துகிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

அந்தப் பொறுமையை வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் வாயை நான் எடுத்துக்கொண்டேன். அந்த வாயால்தான் அங்கேயே சொன்னேன்: "சொன்னாங்க அண்ணே. உங்ககிட்டதான் சொன்னாங்க."