மூன்று முறை ஊறிய உருளைக்கிழங்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குவது என் வேலை. 2008இல் அக்கா வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், வாரம் இரண்டு நாள் சிதம்பரத்தில் டயாலிசிஸ் என்றாகிவிட்டது. அக்காவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் மெஸ்ஸில் சொல்லிவிட்டு நான்தான் மாமாவோடு போவேன். ரயில் பாதையில் வேலை நடந்த சமயம் அது, பஸ்தான் கதி. மாமா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அந்த பஸ் கண்டக்டருக்குப் புதுச்சத்திரம் வரைக்கும் புத்தி சொல்லிக்கொண்டே வருவார். நான் வாயைத் திறக்க மாட்டேன். டாக்டர் என்னிடம் ஏதாவது கேட்டால்கூட சுவரைத்தான் பார்ப்பேன். “எம் மச்சான் வாயத் தொறக்கணும்னா தனி டிக்கெட் போடணும்” என்று எல்லாரிடமும் சொல்வார்.

அந்த அறையில் நான்கு கட்டில், நான்கு மிஷின். படுத்திருப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஆசைப்பட்டதை முதல் ஒரு மணி நேரத்துக்குள் தின்றுவிட வேண்டும், உடம்புக்கு ஆகாததை மிஷின் எடுத்துவிடும் என்பார்கள். ஒருவர் கொய்யாத் துண்டு, ஒருவர் வடை. மாமாவுக்கு அரை வாழைப்பழம் போதும், கண்ணை மூடிக்கொண்டு தின்பார். நர்ஸம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அது ஆஸ்பத்திரி மாதிரியே இருக்காது.

பழத்திலும் காயிலும் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பு உடம்பில் ஏறினால் இதயமே நின்றுபோகும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே பயமுறுத்தியிருந்தார். காயைப் பொடியாக நறுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்து, வெந்த தண்ணீரையும் கொட்டச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே வேலை காய் நறுக்குவது. அதை நானே எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு முறை ஊறவைக்கச் சொன்னார். நான் மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். “ஏன் மச்சான், உருளைக்கெழங்க குளிப்பாட்டி, தலை தொவட்டி அனுப்புறியா? வெறும் பஞ்சாட்டம் இருக்குது.”

அந்த ஐப்பசியில் மாமாவுக்கு நான்கு நாள் வயிற்றுப்போக்கு. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அரை வாழைப்பழத்தைக்கூட வேண்டாம் என்றுவிட்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அந்த வெள்ளிக்கிழமை, மிஷின் ஓட ஆரம்பித்து மூன்றாவது மணி நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளே தவளை குதிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் ஓடிய கோடு ஒரு துடிப்பு, ஒரு துடிப்பு, உடனே இரண்டு சேர்ந்தாற்போல், பிறகு ஒரு காலி இடம் என்று தாறுமாறாக வந்தது. மிஷினைப் பாதியில் நிறுத்தினார்கள். டாக்டர் ஓடி வந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள், பக்கத்தில் நர்ஸம்மா. மாமாவுக்கு வெட்கம். முழுசாக ரெண்டு பழம் தின்றேன், ஆசை அடங்கவில்லை என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்காமல் சீட்டில் ஏதோ எழுதினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை போனபோது மிஷினுக்கு மருந்துத் தண்ணீர் கலக்கும் தம்பி வேறொரு கேன் கொண்டுவந்து வைத்தார். வழக்கமான கேனில் 2 என்று எண் ஒட்டியிருக்கும். இதில் 1. பொட்டாசியம் கம்மியான தண்ணீர், பழம் தின்றவருக்கு இதுதான் நன்றாக இழுக்கும் என்று நர்ஸம்மாவிடம் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வீட்டில் உருளைக்கிழங்குக்குச் செய்வதைத்தான் இந்த மிஷின் மாமாவுக்குச் செய்கிறது. வெறும் தண்ணீரில் போட்டால் காயில் இருக்கிற உப்பெல்லாம் தண்ணீருக்கு வந்துவிடும். அதே உப்பு தண்ணீரிலும் கொஞ்சம் இருந்தால் அவ்வளவு வராது. கஞ்சியிலும் என் சக்கைக் காயிலும் கிடந்த மனுஷன் உடம்பில் இன்னும் இழுக்க என்ன மிச்சம் இருக்கிறது?

ஊசி குத்த நர்ஸம்மா மாமாவின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நேராக டாக்டர் மேஜைக்குப் போனேன்.

“சார், அவரு பழம் தின்னல. வெள்ளிக்கெழமைக்கு முன்ன நாலு நாளா வயித்தால போச்சி, கஞ்சிதான் குடிச்சாரு. அப்புறம் குடுத்த காயையும் நான் மூணு வாட்டி ஊற வெச்சி வடிச்சேன். அதுல ஒண்ணும் இருக்காது சார்.”

டாக்டர் எழுந்து போய் ஊசியை நிறுத்தச் சொன்னார். முதலில் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. வந்த சீட்டில் பொட்டாசியம் மிகவும் இறங்கியிருந்தது. 3 என்று போட்ட, பொட்டாசியம் கூடுதலான கேன் வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அந்த உப்பு ஜாஸ்தியானாலும் இதயம் தடுமாறும், கம்மியானாலும் தடுமாறும். இருக்கறதையும் இன்னிக்கு இழுத்திருந்தோம்னா...” என்றவர், முடிக்காமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நான்கு மணி நேரமும் நான் திரையில் ஓடும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீராக ஓடியது.

திரும்பும்போது புதுச்சத்திரம் தாண்டும்வரை மாமா கண்டக்டருக்குப் புத்தி சொல்லவே இல்லை. அப்புறம், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டே சொன்னார்.

“வயித்தால போனத அவ்ளோ சத்தமாவா சொல்லுவ? நர்ஸம்மா சிரிக்குது.” பிறகு, “நாளையிலேருந்து ஒரு வாட்டி வடிச்சாப் போதும் மச்சான்” என்றார்.

அதற்குப் பிறகு டாக்டர் வந்தால் மாமாவை விட்டுவிட்டு என்னிடம்தான் கேட்பார். என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை முறை வடித்தேன். நானும் சொல்லிவிடுவேன். “எனக்கு வக்கீலு வெச்சிட்டாங்க” என்று மாமா பக்கத்துக் கட்டில்காரரிடம் அலுத்துக்கொள்வார். அப்படியே இரண்டரை வருடம் ஓடியது. போன வருடம் ஒரு நாள், தூக்கத்திலேயே போய்விட்டார். செவ்வாய்க்கிழமைகளில் மெஸ்ஸில் இருக்கப் பிடிக்கவில்லை. சிதம்பரம் பஸ் போகிற சத்தம் கேட்டால் கை தானாக நின்றுவிடுகிறது. அவர் இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பார்.

15-7-2012, ஞாயிற்றுக்கிழமை.