வாசலில் பையைத் திறந்து காட்டியவள்

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் முன்னால் ஒரு புல்வெளி இருக்கிறது. மூன்று வருடமாக அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். ஒருமுறைகூட அதில் கால் வைத்ததில்லை. வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, சாப்பாட்டுப் பையின் ஜிப்பைத் திறந்து காவலாளி முன் நீட்டி, பிறகு தரையில் போட்டிருக்கும் இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். புல்வெளி, வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்கு. எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிப் பச்சையாக வைத்திருப்பது எல்லாமே ஏதோ ஒரு கம்பெனி வேலிக்குள்தான் இருக்கிறது. இதில் எனக்கு அதுவரை ஒரு குறையும் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தவள் என்னோடு தரப் பரிசோதனையில் இருக்கும் பெண். மயிலாப்பூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவாள். என் வயது, என் வேலை. மதியச் சாப்பாட்டில், "நேத்து எங்க பார்க்ல…" என்று ஆரம்பிப்பாள். அவள் அங்கேதான் சைக்கிள் கற்றுக்கொண்டாளாம். பரீட்சைக்குப் படித்ததும் அங்கே ஒரு மரத்தடி பெஞ்சில்தானாம். நான் பன்னிரண்டாவதுக்குப் படித்தது பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், டி.வி. சத்தத்தில். அவள் 'எங்க பார்க்' என்று சொல்லும்போதெல்லாம் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிடுவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வங்கிப் படிவமோ ரேஷன் கார்டு விண்ணப்பமோ, தெருவில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். எல்லாவற்றையும்விடப் பெரிய பெருமை என் தங்கை. பதினொன்றாவது படிக்கிறாள். யார் எதைக் கேட்டாலும், "எங்க அக்காவுக்குத் தெரியும்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மயிலாப்பூர்ப் பெண் எங்கள் இரண்டு பேரையும் அழைத்தாள். ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய், மின்சார ரயிலேறி, சைதாப்பேட்டையில் இறங்கி பஸ் பிடித்தோம். பூங்கா வாசலில் அவள் காத்திருந்தாள். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பார்த்ததும் என் கை தானாக வேலை செய்தது. பையைத் தோளிலிருந்து கழற்றி, ஜிப்பைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, முறுக்கா? எனக்கா?"

மயிலாப்பூர்க்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏய், இது பார்க்குடி! ஷிப்டுக்கா வந்திருக்க?"

அவள் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். என் தங்கையும் சேர்ந்து சிரித்தாள். அதைத் தாங்க முடியவில்லை.

உள்ளே போனதும் அவர்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார்கள். நான் சிமென்ட் விளிம்பிலேயே உட்கார்ந்தேன். ஊர் நடுவில், அத்தனை கட்டடங்களுக்கு இடையில், இவ்வளவு நிழலை இவர்களுக்கு யார் எழுதி வைத்தார்கள் என்று வயிறு எரிந்தது. யார் யாரோ காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். ஒருவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். யாரும் அவரிடம் அட்டை கேட்கவில்லை.

தங்கை மயிலாப்பூர்க்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது இன்னா மரம்க்கா? அது இன்னா?" என்று கேட்டுக்கொண்டே சுற்றினாள். அவள் நாகலிங்கப் பூ ஒன்றை எடுத்து இதழை விரித்துக் காட்டினாள். மகிழம்பூவைப் பொறுக்கி இவள் உள்ளங்கையில் கொட்டினாள். நான் பையோடு பின்னால் நடந்தேன்.

திரும்பும்போது ரயிலில் தங்கை சொன்னாள். "அந்தக்காவுக்கு எல்லாம் தெரியுதில்ல?"

அது என்னைப் பற்றி மட்டும் அவள் சொல்லிவந்த வார்த்தை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை எனக்குக் காம்ப் ஆஃப், ஓவர்டைம் பார்த்ததற்கு ஈடாக வரும் விடுமுறை. வீட்டில் சொல்லாமல் அந்தப் பூங்காவுக்கு மறுபடி போனேன். மரங்களில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். தொழிற்சாலையில் பாகங்களைச் சரிபார்ப்பது போலவே நோட்டை எடுத்து வேலையைத் தொடங்கினேன்: வாசலுக்கு இடப்பக்கம் முதல் மரம், எண் ஒன்று, பெயர், இலை, அடையாளம். பலகை மாட்டிய ஒன்றையும் விடவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி மனப்பாடம் செய்தேன்.

அந்த வாரக் கடைசியில் மயிலாப்பூர்க்காரி, "தங்கச்சியக் கூட்டிட்டு வாடி, வேற பார்க் காட்டறேன்" என்றாள். தங்கைக்குப் பரீட்சை என்றேன். தங்கையிடம், "அந்தக்காவுக்கு ஞாயித்துக்கெழம ஓ.டி. டூட்டி, நாம ரெண்டு பேரும் போலாம்" என்றேன்.

ஞாயிறன்று காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று உள்ளே நுழைந்தேன். மகிழம், தூங்குமூஞ்சி, மரமல்லி, இலுப்பை என்று வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டே போனேன். தங்கை வாயைத் திறந்தபடி வந்தாள்.

"உனக்கு எப்படிக்கா இதெல்லாம்?"

"படிச்சதுதான்."

அந்த நேரம் பார்த்து, கையில் டீக் கோப்பையோடு காவலாளி எதிரே வந்தார். "அட, முறுக்குப் பொண்ணா? செவ்வாக்கெழம நோட்டு வச்சிகினு ஒரு மரம் விடாம எழுதுனியே, பரீட்ச பாஸா?"

அவர் போய்விட்டார். தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"இத என்கிட்ட காட்டத்தான் தனியா கூட்டினு வந்தியா? அப்ப அந்தக்காவுக்கு ஓ.டி. இல்லியா?"

"இல்ல."

"அந்தக்காகிட்ட இன்னா சொன்ன?"

"உனக்குப் பரீட்சைன்னு."

"வயித்தெரிச்சலாக்கா உனக்கு?"

ஊரெல்லாம் 'எங்க அக்காவுக்குத் தெரியும்' என்று சொல்லித் திரிந்தவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. என் கையைப் பிடித்துப் புல்லுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனாள். நான் எப்போது பாதையிலிருந்து இறங்கினேன் என்று தெரியவில்லை. பூங்காவின் பின்பக்கம், மோட்டார் அறைக்கு அருகில் கோணலாக ஒரு மரம். பலகை இல்லை. என் நோட்டிலும் அது இல்லை.

"இது இன்னா மரம்?"

இலையைப் பார்த்தேன். பட்டையைத் தடவினேன். "தெரியல."

"அந்தக்காவுக்கும் தெரியாது. அன்னிக்கே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அதன் அடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "முறுக்கை எடு. அந்தக்காவுக்கும் கொஞ்சம் வை. நாளைக்கு நீயே குடுத்து, பரீட்ச ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு."

சொல்கிறேன் என்று நானும் புல்லில் உட்கார்ந்தேன். மயிலாப்பூர்க்காரிக்கும் தெரியாது என்று கேட்டதில் எனக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை. அது தெரிந்தேதான் முறுக்கைக் கடித்தேன்.