மூன்றில் இரண்டு பங்கு அக்கா

என்னைச் சுமந்திருந்த மாதங்களில் அம்மாவை வீட்டை விட்டு இறங்கவே விடவில்லையாம். எல்லாம் உப்பு செய்த வேலை. எனக்கு முன்னால் அக்காவைச் சுமந்திருந்தபோது, அம்மா தாய்வீட்டு வாசலில் உட்கார்ந்து எதிரே இருந்த உப்பு அம்பாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த பிள்ளைக்கு முடி, இமை, தோல் எல்லாமே வெள்ளை. உப்பைப் பார்த்த கண்தான் பிள்ளையை வெளுத்துவிட்டது என்று தெருவே கூடித் தீர்ப்புச் சொல்லியது. அதற்குப் பிறகு பஸ் உப்பளத்தைத் தாண்டும்போதெல்லாம் அம்மா முந்தானையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வாள். கொழும்புக்குத் தோணி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, நான் நல்ல கறுப்பாகப் பிறந்ததும் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாராம். பெண் கறுப்பாகப் பிறந்ததற்கு மிட்டாய் கொடுத்த வீடு தூத்துக்குடியில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்காவுக்கு வெயில் ஆகாது. சிறிது நேரம் நின்றாலே தோல் சிவந்து கொப்பளித்துவிடும். கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் என்னோடு கடற்கரைக்கு வருவாள். ஒருநாள் கப்பலில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவளைத் தன் ஊர்ப் பெண் என்று நினைத்து இங்கிலீஷில் என்னவோ கேட்டார். "தமிழ்ல கேளும்யா, வழி சொல்லுதேன்" என்றாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். அக்கா வீடுவரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

படிக்க அவளுக்கு அவ்வளவு ஆசை. பேப்பரிலிருந்து கடலைப் பொட்டலம் கட்டிய தாள்வரை நான்தான் படித்துக்காட்ட வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது, கடகடவென்று ஒப்பிப்பேன். ஒருமுறை "கடலில் பலத்த காற்று வீசும்" என்பதை "உடலில் பலத்த காற்று வீசும்" என்று படித்துவிட்டேன். "யாரு ஒடம்புலளா?" என்று கேட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

எழுபதுகளின் நடுவில் கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். இரண்டாம் வருடத்தில் எங்கள் பேராசிரியை, செல்லுக்குள் புரதம் எப்படி உருவாகிறது என்று நடத்தினார். அன்று சாயங்காலமே அதைத் தமிழாக்கி அக்காவிடம் சொன்னேன். செல்லின் நடுவில் உட்கரு. அதற்குள் டி.என்.ஏ. நான்கே எழுத்துகளில் நம் உடம்பைப் பற்றிய எல்லாக் குறிப்பும் அதில் இருக்கிறது. அது உட்கருவை விட்டு வெளியே வராது. தேவையான பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ. என்று ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்பும்.

"அப்ப டி.என்.ஏ. நானு, வெயில்ல எறங்காது. ஊரு சுத்துத நகலு நீ" என்றாள் அக்கா.

வெளியே ரைபோசோம் என்று ஒன்று அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். அதைத் தூக்கி வருவதற்கென்றே சின்னச் சின்ன ஆர்.என்.ஏ.க்கள் உண்டு, ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்களைப் போலத்தான், ஆனால் ஆளுக்கு ஒரே சரக்கு. வந்ததையெல்லாம் வரிசையாகக் கோத்தால் புரதம். நிறுத்து என்கிற மூன்றெழுத்து வந்ததும் வேலை முடிந்தது.

"எழுத்து மாறிப்போனா?"

"மாறினதைத்தான் படிக்கும். அதுக்குத் தப்பு சரி தெரியாது."

"உடலில் பலத்த காத்து" என்றாள் அக்கா. தேர்வில் நான் எழுதிய விடையைவிட அது நன்றாக இருந்தது.

அடுத்த மாதம் வகுப்பில் அக்காவே வந்துவிட்டாள். தோலுக்கு நிறம் கொடுக்கிற பொருளைச் செய்ய ஒரு புரதம் வேண்டும். அதன் குறிப்பில் பிழை இருந்தால் நிறமே உண்டாகாது என்றார் பேராசிரியை. அந்தப் பிழையை அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். கூடவே நல்ல குறிப்பும் ஒன்று இருப்பதால் அவர்கள் நிறத்தில் எதுவும் தெரியாது. இரண்டு பிழையும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் அது வெள்ளை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அம்மா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உப்புக்கும் அக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன். அம்மா துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள்.

"அப்ப நாந்தான் குடுத்திருக்கேன், என்னளா?"

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "நீ மட்டுமா குடுத்த? கொழும்புக்குப் போயிருக்காரே, அவரும் பாதி குடுத்திருக்காரு. வரட்டும், கேப்போம்" என்றாள். அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏளா, அப்ப ஒங்கிட்டயும் ஒண்ணு இருக்குமா?"

மறுநாள் பேராசிரியையிடம் கேட்டேன். நான்கு வழிகளில் பிள்ளை பிறக்கலாம். நீ கறுப்பாக இருப்பதால் ஒரு வழி கழிந்தது. மீதி மூன்றில் இரண்டில் அந்தப் பிழை ஒளிந்திருக்கும் என்றார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து நான் அவளுக்குப் பொறுமையாகப் படித்துக்காட்டினால் "இது அந்த ரெண்டு பங்கு" என்பாள். எரிந்து விழுந்தால் "இது மிச்ச ஒரு பங்கு பேசுது" என்பாள்.

நான் படிப்பை முடித்த வருடம் அவள் காதோரத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. புற்று என்றார்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை அறுத்தார்கள். மூன்றாம் முறை அழைத்துப்போனபோது, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மழைக்கு முன்னால் போய்விட்டாள். முப்பது வயதுகூட ஆகவில்லை.

மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசைக்கு உறவுக்காரர்களை அழைக்க அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். உப்பளம் வந்தது. அம்மா முந்தானையை இழுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்பாரங்களைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"இந்த உப்பு இன்னொருக்கா அவளத் தருமுன்னா, பாத்துக்கிட்டே இருப்பேன்ளா" என்றாள்.

நான் விலங்கியல் பேசவில்லை. அவளோடு சேர்ந்து நானும் பார்த்தேன்.

எனக்கும் வயதாகிவிட்டது. இன்றும் பேப்பரை எடுத்தால் முதல் வரியைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் நிறுத்துகிறேன். "யாரு ஒடம்புலளா?" என்று கேட்க ஆள் இல்லை. அவளை நினைக்காத நாளில்லை என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகத்தான் இருக்கும்.

போன வருடம் மகன் ஒரு சிறு குழாய் அனுப்பினான். அதில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் உடம்பிலுள்ள குறிப்பைப் படித்து, எந்தப் பிழை இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிவிடுவார்களாம். அது அலமாரியில் அப்படியே இருக்கிறது. அவன் போனில் கேட்கும்போதெல்லாம் சளி, காய்ச்சல் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்துவிடுமோ என்று நான் பயப்படுவதாக அவன் நினைத்திருக்கிறான். பிழை இல்லை என்று பதில் வந்தால், அக்காவை இன்னொரு முறை கல்லறைக்குக் கொண்டுபோக என்னால் முடியாது.