லூசியின் நாற்பது நன்றிகள்

லூசி நாற்பது நாள் விடாமல் தன் அண்ணனுக்கு நன்றி சொன்னாள். அது பழிவாங்கல் என்று எங்களுக்குப் புரியவே பதினொரு நாள் ஆனது. எங்கள் லட்சணம் அவ்வளவுதான்.

கிள்ளானில் லூசி என் பக்கத்து வீடு. தமிழ் தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள். அம்மா பக்கவாதத்தில் படுத்ததும் வேலையை விட்டாள். ஒன்பது வருடம். புரட்டிப் படுக்க வைப்பது, குழாய் வழியாகப் பால் கொடுப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோது, "அம்மாவ யாரு பாத்துக்குவா?" என்று அவளே தட்டிக்கழித்துவிட்டாள். அண்ணன் ரபேலின் வீடு காரில் பத்து நிமிடத் தூரம். கிறிஸ்மஸுக்குக் கேக்கோடு வருவார், அம்மாவின் கட்டிலருகே நின்று படம் எடுத்துக்கொள்வார், போய்விடுவார்.

ரபேல்தான் எங்கள் ஜெபக்குழுவுக்குத் தலைவர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். ஆனால் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர், தமிழில் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. அவர் பேச வேண்டியதையெல்லாம் லூசிதான் பெரிய எழுத்தில் எழுதித் தருவாள். முன்கூட்டி ஒரு தடவை பார்த்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. தாளை வாங்குவார், மைக்குக்குப் போவார், படிப்பார்.

அம்மா இறந்தபோதும் அடக்கத் திருப்பலிக்கான நன்றியுரையை எழுதியது லூசிதான். ஃபாதர், டாக்டர், பாடகர் குழு, பூ கொடுத்தவர், நாற்காலி தூக்கியவர்கள், எல்லார் பெயரும் அதில் இருந்தது. தன் பெயரை மட்டும் எழுதவில்லை. தனக்குத் தானே எப்படி நன்றி எழுதிக்கொள்வது? அதை அண்ணன் தன் வாயால் சொல்வார் என்று இருந்தாள்.

ரபேல் தாளில் இருந்ததைப் படித்தார். கடைசியில் சொந்தமாக ஒன்றைச் சேர்த்தார். "எங்கம்மாவ சொந்த மக மாதிரி பார்த்துக்கிட்ட என் ஒய்ஃப் ஏமிக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ்."

சொந்த மகள் முன் வரிசையில்தானே உட்கார்ந்திருந்தாள்! அநியாயம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து வந்த தவக்காலத்தில் ஃபாதர் ஒரு யோசனை சொன்னார். நாற்பது நாளும் காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு நன்றியை ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் போடவேண்டும். போட்டோம். "நல்ல தூக்கத்துக்கு நன்றி ஆண்டவரே." "மழைக்கு நன்றி." ஒவ்வொன்றின் கீழும் ஆமென், ஆமென், கும்பிடும் கைகள். காலை அவசரத்தில் யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

லூசி ஆறு மணிக்கே, கோப்பி கலக்கும் முன்பு போட்டுவிடுவாள். முதல் நாள்: "அம்மாவின் படுக்கைப்புண் எந்தப் பக்கம் என்று ஒரு நாளும் கேட்டு என்னைத் தொந்தரவு செய்யாத அண்ணன் ரபேலுக்கு நன்றி." ஐந்தாம் நாள்: "ஒன்பது கிறிஸ்மஸில் ஒன்பது படம் எடுத்து, ஒன்றில்கூட நான் விழாமல் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு நன்றி." சுத்தமான தமிழ், ஒரு பிழை இருக்காது. இரண்டுக்கும் நான் ஆமென் போட்டிருக்கிறேன்.

பதினோராம் நாள்: "அம்மாவின் டயப்பரை ஒரு தடவைகூட மாற்றாமல் அந்தப் பாக்கியத்தை முழுதும் எனக்கே விட்டுக்கொடுத்த அண்ணன் ரபேலுக்கு நன்றி." அதற்குக் கீழே விழுந்த முதல் ஆமென் ரபேலுடையது. கும்பிடும் கைகள் இரண்டு.

குழுவில் இருக்கும் புனிதா எனக்குப் போன் அடித்தாள். "அக்கா, மேல போய் முதல்லேர்ந்து படிங்க லா." படித்தேன். மத்தியானத்துக்குள் அறுபது பேரும் படித்துவிட்டார்கள். மறுநாள் ஆறு மணிக்கு அத்தனை பேரும் விழித்துக் காத்திருந்தோம். "மூக்கைப் பொத்திக்கொண்டாவது இரண்டு தடவை எட்டிப் பார்த்த ஏமி அண்ணிக்கு நன்றி" என்று வந்தது.

பதினைந்தாம் நாள் ரபேல் லூசி வீட்டுக்கு வந்தார். வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"டெலிட் பண்ணு லா, லூசி. ஆளுங்க சிரிக்கிறாங்க."

"ஃபாதர் நன்றிதானே சொல்லச் சொன்னாரு? நான் என்ன திட்டவா செஞ்சேன்?"

"உனக்கு என்னதான் வேணும்?"

"மைக்குல ஏமி பேரச் சொன்னீங்கல்ல. அதே மைக்குல என் பேரு வரணும்."

"அவ்ளோதானே? அம்மாவோட ஒரு வருஷத் திருப்பலி வருது. நீயே எழுதிக் குடு, உன் பேரையும் போட்டுக்கோ. நான் படிச்சிடறேன்."

லூசி சிரித்தாள். அம்மா போனதிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை. தங்கைக்கு நன்றி சொல்வதற்கும் தங்கையே எழுதித் தரவேண்டுமாம்.

"சரிண்ணே, எழுதறேன்," என்றாள். மீதி இருபத்தைந்து நாளையும் அவள் விடவில்லை. ஈஸ்டரோடு நன்றிகள் நின்றதும், தங்கை சமாதானமாகிவிட்டாள் என்று ரபேல் நினைத்துக்கொண்டார்.

நினைவுத் திருப்பலியன்று கோயில் நிறைந்திருந்தது. முடிவில் லூசி பெஞ்சிலிருந்தே தாளை நீட்டினாள். ரபேல் வாங்கினார், மைக்குக்குப் போனார், படித்தார். ஃபாதருக்கு நன்றி. பாடகர் குழுவுக்கு நன்றி. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குப் பொருள் கொஞ்சம் பின்னால்தான் வந்துசேரும். அதே ராகத்தில் தொடர்ந்தார்.

"போன வருடம் இதே இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். என் அம்மாவை ஏமி பார்த்துக்கொள்ளவில்லை. நானும் பார்த்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவள் என் தங்கை லூசி. அவளுக்கு நன்றி சொல்ல..."

அங்கேதான் அவருக்கு உறைத்தது. நின்றுவிட்டார். ஏமி தலையைக் குனிந்துகொண்டாள். லூசி எழுந்து நின்றாள்.

"படிங்கண்ணே. இன்னும் ரெண்டே வார்த்தைதான்."

கோயில் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"...எனக்குத் தகுதியில்லை," என்று படித்து முடித்தார்.

போன வருடம் திறக்காத வாயை நான் திறந்தேன். "ஆமென்" என்றேன், சத்தமாக. இந்தத் தடவை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.