ஓரகத்தி தேர்ந்தெடுத்த பிடியூ

மருந்து மொத்த வியாபாரம் செய்யும் அந்தக் கம்பெனியில் சர்வர் அறையைப் பல வருடங்களாகக் கவனித்துக்கொள்பவள் அவள். வீட்டில் மூத்த மருமகள் என்பதால் எல்லோருக்கும் பெரியவள். அலுவலகத்தில் அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு. அரைக்கதவு.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. சர்வர்களை அடுக்கி வைக்கும் இரும்பு அலமாரியை ரேக் என்பார்கள். அதன் முதுகுப்பக்கம் செங்குத்தாக நிற்கும் நீளமான மின்பட்டைதான் பிடியூ. வீட்டில் சுவரில் செருகி நாலைந்து பிளக் மாட்டுகிறோமே, அந்தப் பெட்டிக்கு மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய பிடியூ ஒரு சாண் கூடுதல் நீளமாகிப் போனது. ரேக்கின் பின்கதவைச் சாத்த முடியவில்லை. அது பாதி திறந்தபடியே நின்றது. இப்போதும் அப்படித்தான் நிற்கிறது.

அதே அலுவலகத்தில் பிறகு வந்து சேர்ந்தவள் அவள் கொழுந்தனின் மனைவி. வீட்டில் மாடியில் குடியிருக்கும் சின்னவள். வேலைக்குச் சொல்லிவிட்டதே பெரியவள்தான். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். பெரியவள் ஓட்டுவாள், சின்னவள் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள். "அக்கா, இது என்ன? அக்கா, அது ஏன் அப்படி?" என்று வழி நெடுகக் கேள்விதான். பெரியவளுக்கு அது சலிப்பாக இருப்பது போல் காட்டிக்கொள்ளப் பிடிக்கும்.

புதிய ரேக் வாங்க முடிவானபோதுதான் வினை வந்தது. மேலாளர் இருவரையும் கூப்பிட்டார்.

"பிடியூவை இந்தத் தடவை அவங்க பாக்கட்டும்," என்று சின்னவளைக் காட்டினார். "நீங்க மத்த வேலையப் பாருங்க. அறை பெருசாகுது. ரேக் நல்லபடியா ஓடட்டும், அப்புறம் யாரைப் பொறுப்பாப் போடறதுன்னு முடிவு பண்ணலாம்."

பெரியவள் தலையாட்டினாள். பொறுப்பாளர் என்ற அந்த வார்த்தைக்காக அவள் எத்தனை வருடம் அந்தக் குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! இப்போது நேற்று வந்தவளுக்கும் தனக்கும் போட்டியா? வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அடுத்த சில நாட்கள் சின்னவள் செய்த ஒவ்வொன்றும் அந்த எரிச்சலுக்கு விறகானது. முதல் வேலையாக அவள் இஞ்ச் டேப்பை எடுத்து ரேக்கின் முதுகை அளந்தாள். "உங்க கதவுக்கு ஆன மாதிரி ஆகக்கூடாது இல்லக்கா," என்று சிரித்தாள். அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். பிறகு எலெக்ட்ரீஷியனை அழைத்துவந்து சுவரில் இருக்கும் சாக்கெட்டைக் காட்டினாள். அது முப்பத்திரண்டு ஆம்பியர் தாங்கும் நீல நிற உருண்டை சாக்கெட். அதற்குப் பொருந்தும் பிளக் உள்ள பிடியூக்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டாள்.

கரண்டு கணக்கிலும் அவள் தவறவில்லை. ரேக்கில் இடது வலது என்று இரண்டு பிடியூ நிற்கும். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரு கேபிள் இடதுக்கும் ஒன்று வலதுக்கும் போகும். ஒன்று செத்தால் மொத்தச் சுமையும் மற்றதன் தலையில் விழும். அதனால் ஒவ்வொன்றிலும் அது தாங்கும் சுமையில் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது. இதைப் பெரியவள் கற்றுக்கொண்டது ஒரு நாள் பகலில் அறையே இருண்டுபோன பிறகு. சின்னவளுக்கு அது எந்த இருட்டும் இல்லாமலே புரிந்துவிட்டது.

ஒரு காலை, வண்டி நிறுத்துமிடத்தில் சின்னவள் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, இதைத்தான் எடுக்கலாம்னு இருக்கேன். ஒரு தடவை பாத்துடுங்க. நீங்க பாத்தாதான் எனக்கு நிம்மதி."

பெரியவள் பார்த்தாள். நீளம் சரி. பிளக் சரி. பட்டை முழுக்க வரிசையாகச் சாக்கெட்டுகள். எல்லாம் சின்ன வாய். பழைய ரேக்கில் இருப்பவை போலவே. ஆனால் புதிய சர்வர்களில் இரண்டு பெரிய வகை. முந்தின நாள்தான் ஸ்டோரில் அவற்றின் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்திருந்தாள். உள்ளே கட்டைவிரல் தடிமனில் கேபிள்கள். அவற்றின் முனை பெரிய வாய்ச் சாக்கெட்டில்தான் நுழையும். அந்தப் படத்தில் பெரிய வாய் ஒன்றுகூட இல்லை. சின்னவள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பெரியவள் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு."

அன்று சாப்பிடும்போது அவள் கணவன் அவளையே பார்த்தான். "என்ன, இன்னிக்கு மூஞ்சியில பல்பு எரியுது?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

எரிந்த பல்பு மறுநாளே அணைந்தது. நடைபாதையில் எதிரே வந்த மேலாளர் நின்று பேசினார். "பிடியூ ஆர்டர் போட்டாச்சு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்ததாமே? உங்க பேரைத்தான் அவங்க முதல்ல சொன்னாங்க."

பெரியவளுக்கு முதலில் வந்தது பயம். தடிமன் கேபிள் நுழையாமல் நிற்கும்போது பாதிப் பழி தன் தலையில் அல்லவா விடியும்? அந்தப் பயத்தின் பின்னாலேயே வேறொன்று வந்தது. கேட்காமலே பங்கு கொடுத்திருக்கிறாளே. தன்னால் அப்படிக் கொடுத்திருக்க முடியுமா? தாராளத்திலும் அவள் முந்திக்கொண்டாளே என்று அதற்கும் ஒரு பொறாமை.

சாயங்காலம் மாடி ஏறினாள். சின்னவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. உக்காருங்க."

"அந்த ரெண்டு பெரிய சர்வருக்கும் கேபிள் தடிமன். பெரிய வாய் வேணும். நீ எடுத்ததுல இல்ல."

சின்னவளின் கை நின்றது. "ஐயோ. பழசு மாதிரியே இருக்கும்னு நினைச்சுட்டேனே. இன்னிக்குதான் பாத்தீங்களாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சொல்ல வாயும் எடுத்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல வரவில்லை.

"இல்ல. நீ வண்டிகிட்ட காட்டினப்பவே தெரியும்."

சின்னவள் மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு செல்போனை எடுத்துக் கடைக்காரரை அழைத்தாள். சரக்கு இன்னும் கிளம்பவில்லை. சின்ன வாயோடு பெரிய வாயும் கலந்த வகை, அதே நீளத்தில், அதே பிளக்கில் இருந்தது. மாற்றச் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

பெரியவள் எழுந்தாள். வாசல்வரை போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, போறப்ப கதவை முழுசா சாத்திட்டுப் போங்க."

புதிய ரேக் முதல் தடவையே ஓடியது. இரண்டு பிடியூவும் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தன. பின்கதவு சத்தமில்லாமல் மூடியது. கேபிள்களைச் சின்னவள் பின்னல் போட்டது போல் கட்டியிருந்தாள். மேலாளர் பெரியவளிடம் சாவியை நீட்டினார்.

"ஆர்டர்ல இருந்த தப்பைக் கண்டுபிடிச்சது நீங்கதானாம். அவங்களே சொன்னாங்க. இனி அறைக்கு நீங்கதான் பொறுப்பு."

எப்போது கண்டுபிடித்தாள் என்பதை மட்டும் சின்னவள் சொல்லவில்லை.

ஸ்கூட்டரில் இப்போதும் இருவரும்தான் போகிறார்கள். இருவருக்கும் நடுவில் சின்னவளின் கைப்பை உட்கார்ந்து வருகிறது. கேள்விகள் இல்லை. பெரியவள் சில சமயம் தானாகவே, "அந்த ரேக்ல சூடு கொஞ்சம் ஏறுது, பாத்தியா?" என்று தொடங்குவாள். "பாத்தேன்க்கா," என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சென்ற வாரம் அடுத்த ரேக்குக்கான பேச்சு கிளம்பியது. பெரியவள் சாவியோடு அறைக்குள் நுழைந்தபோது, சின்னவள் சுவரோரம் எலெக்ட்ரீஷியனிடம் ஒரு படத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரு தடவை பாத்துடுங்க. நீங்க பாத்தாதான் எனக்கு நிம்மதி."

அந்த மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் அதைப் பார்க்கத் தொடங்கினார். ஸ்வெட்டர் போட்டும் குளிரும் அந்த அறையில் பெரியவளுக்குக் காது மடல்கள் சுட்டன. சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, பழைய ரேக்கின் அரைக்கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.